மேஸ்திரி வீட்டுக்கு நான் போகவில்லை

கலிபோர்னியாவின் சாலினாஸ் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஒருமுறையாவது யாராவது என்னை மேடையேற்றிவிடுகிறார்கள். உதவித்தொகை வழங்கும் விழா, பள்ளிப் பட்டமளிப்பு, தேவாலய மண்டபத்தில் பெற்றோர் கூட்டம் என்று ஏதாவது ஒன்று வந்துவிடும். நான் லெட்டூஸ் கீரை அறுத்தவரின் மகன். இன்று அதே லெட்டூஸை நாடு முழுக்க அனுப்பும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே அரைமணி நேரம் பேசலாம், பேசியிருக்கிறேன். முன்வரிசைத் தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். முடிக்கும்போது ஹோசே எர்னாண்டஸ் பெயரைச் சொல்வேன். மிச்சோவாகானிலிருந்து வந்த கூலிக் குடும்பத்துப் பிள்ளை அவர். அறுவடைக்குப் பின்னால் அலைந்து வளர்ந்து, 2009இல் விண்வெளிக்குப் போனவர். பெயரைச் சொன்னதும் கைதட்டல் எழும்.

அவர் கதையில் ஒளிவு இல்லை. என் கதையில் இருக்கிறது. நான் பெரிய பொய் எதையும் மேடையில் சொல்வதில்லை. ஒரு கோடை விடுமுறையில் கொஞ்ச நாள் களை எடுத்ததை 'நானும் வயலில் இறங்கி வேலை செய்தவன்தான்' என்று இழுத்துச் சொல்வேன், அவ்வளவுதான். நான் செய்வது வேறு. ஒரு பகுதியை எடுத்துவிட்டு மிச்சத்தை ஒட்டித் தைத்துவிடுவேன். தையல் தெரியாது. எடுத்த பகுதியை இங்கே வைக்கிறேன்.

அப்பா 1968இல், இருபது வயதில், முதல் தடவை எல்லை தாண்டி வந்தார். அவருடைய அப்பாவும் வந்தவர்தான். 1942 முதல் 1964 வரை மெக்சிகோ, அமெரிக்க அரசுகள் ஒப்பந்தம் போட்டு ஆள் பிடித்த பிராசெரோ திட்டத்தில் தாத்தா அனுமதிக் காகிதத்தோடு வந்து போனார். திட்டத்தை மூடிய பிறகும் வயலுக்கு ஆள் வேண்டியிருந்தது. அப்பா காகிதம் இல்லாமல் வந்தார். முதலாளிகளுக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. முதல் சில ஆண்டுகள் அவர் கையில் இருந்தது குட்டைப் பிடி களைக்கொத்து. பிடி ஒரு முழத்துக்கு மேல் போகாது. நாள் முழுக்க இரண்டாக மடிந்துதான் அதைப் பிடிக்க முடியும். யார் நிமிர்ந்தாலும் தூரத்திலிருந்தே மேற்பார்வையாளருக்குத் தெரிந்துவிடும் என்பதுதான் அந்தக் கருவியின் சிறப்பு. கலிபோர்னியா 1975இல் அதைத் தடை செய்தது. அப்பாவின் முதுகுக்கு அது கொஞ்சம் தாமதமாக வந்த செய்தி.

பிறகு அவர் லெட்டூஸ் அறுப்புக்கு மாறினார். அது மூவர் வேலை. இருவர் குனிந்து அறுத்துக்கொண்டே போவார்கள், பின்னால் வருபவர் அட்டைப்பெட்டியில் அடுக்குவார். பெட்டிக்கு 24 தலை. பெட்டிக் கணக்கில் கூலி. அந்தக் கூலி குழு முழுவதற்கும் பங்கு. ஒருவர் சுணங்கினால் எல்லோர் பையிலும் குறையும் என்பதால் யாரும் யாரையும் அதட்டத் தேவையில்லை. பக்கத்து ஆளின் மூச்சுச் சத்தமே போதும். தேர்ந்த அறுப்பாளர்களுக்கு நல்ல வரும்படி உண்டு, அதில் ஒரு மிடுக்கும் உண்டு. அப்பா கத்தியைத் தானே தீட்டுவார், இன்னொருவர் கையில் கொடுக்க மாட்டார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மேடையில் நான் அவரைப் பாவப்பட்ட மனிதராகவே காட்டுவேன். அவர் ஒருநாளும் தன்னை அப்படி நினைத்தவர் அல்ல. வெட்கம் என்னுடையது.

லெட்டூஸ் ஓர் இடத்தில் நிற்காது. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை சாலினாஸ். இலையுதிர் காலத்தில் சில வாரம் உள்பள்ளத்தாக்கில் இருக்கும் ஹியூரன். குளிர்காலம் முழுக்க அரிசோனாவின் யூமா, வசந்தத்தில் மறுபடி ஹியூரன், மறுபடி சாலினாஸ். யூமா பாலைவனம்தான் என்றாலும் சனவரி விடியலில் இலை மேல் உறைபனி படிந்திருக்கும். அந்த நேரத்தில் கை பட்டால் இலை கருகிவிடும். வெயில் ஏறிப் பனி உருகும் வரை ஆட்கள் பேருந்துக்குள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். அறுக்காத நேரத்துக்குப் பெட்டிக் கூலி ஏது?

நான் 1974இல் சாலினாஸில் பிறந்தேன். அதனால் பிறப்பிலேயே அமெரிக்கக் குடிமகன். நான்கு வயதில் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டாள். 1984இல் மறுபடி வந்தோம். அதன் பிறகு சில ஆண்டுகள் நாங்களும் லெட்டூஸ் பின்னால் போனோம். பின்னக் கணக்கை ஒவ்வொரு பள்ளியிலும் ஆரம்பித்துப் பார்த்தேன், எங்கேயும் முடித்துப் பார்த்ததில்லை. அறுவடைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்று மத்திய அரசின் கல்வித் திட்டம் ஒன்று 1966இலிருந்தே உண்டு. எங்கள் தடுப்பூசி விவரம், வாசிப்பு நிலை எல்லாவற்றையும் ஆர்க்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரில் இருந்த ஒரு கணினியில் ஏற்றி வைத்திருந்தார்கள். நான் லிட்டில் ராக்கைப் பார்த்ததில்லை. ஆனால் என்னைப் பற்றி முழுதாக அறிந்திருந்த ஒரே இடம் அதுதான் என்று அந்த வயதில் எனக்கு ஓர் எண்ணம்.

1987இல் அம்மா பிடிவாதம் பிடித்தாள். பையன் ஒரே பள்ளியில் படிக்கட்டும், நீங்கள் மட்டும் போய் வாருங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு அது இரட்டைச் செலவு. சாலினாஸில் எங்கள் வாடகை, யூமாவில் அவர் படுக்கைக்கு வாடகை. ஒத்துக்கொண்டார். ஒரே பள்ளி, ஒரே நண்பர்கள், ஒரே மதிய உணவு மேசை. எனக்கு முதல் முறையாகக் காப்பாற்றிக்கொள்ள ஒரு மானம் வந்தது. அந்த மானத்துக்காக நான் சொன்ன முதல் பொய், அப்பா லாரி ஓட்டுகிறார் என்பது. சாலினாஸில் லாரி ஓட்டுவது கௌரவமான வேலை. அவர் மாதக்கணக்கில் வீட்டில் இல்லாததற்கும் அது பொருந்தியது.

பத்து வயதிலிருந்தே வீட்டுக்கு நான்தான் எழுத்தர். வரும் கடிதம் எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். மின்கட்டணம், மருத்துவமனை, பள்ளி, வாடகை ஒப்பந்தம். இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பற்றி இரக்கமாக எழுதுவார்கள். பாரம் சுமந்த பிஞ்சுத் தோள் என்றெல்லாம். பாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஓர் அதிகாரமும் இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. பெரிய மனிதர் ஒருவர் ஒரு தாளை நீட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்து நிற்பார். நான் வேண்டுமென்றே மெதுவாகப் படிப்பேன். ஆசிரியையின் புகார்க் கடிதத்தைப் பாராட்டுக் கடிதமாக வாசித்திருக்கிறேன். முதுகு வலிக்கு ஆறு வாரம் ஓய்வு வேண்டும் என்று மருத்துவர் சொன்னதை, வெளியே நண்பர்கள் காத்திருந்த அவசரத்தில், 'மாத்திரை எழுதியிருக்கார்' என்று முடித்திருக்கிறேன். ஓய்வு என்று சொல்லியிருந்தாலும் அப்பா எடுத்திருக்க மாட்டார் என்று பிற்பாடு சமாதானம் செய்துகொண்டேன். எடுத்திருப்பாரா மாட்டாரா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்.

இனி 1988 நவம்பர்.

1986 நவம்பரில் ரீகன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டத்தில் வயல் தொழிலாளர்களுக்கென்று தனியாக ஒரு வாசல் வைத்திருந்தார்கள். 1986 மே 1 அன்று முடிந்த பன்னிரண்டு மாதத்தில் குறைந்தது 90 நாள் வயல் வேலை செய்ததற்குச் சான்று காட்டினால் வசிப்புரிமை கிடைக்கும். விண்ணப்பிக்க 1987 ஜூன் 1 முதல் 1988 நவம்பர் 30 வரை அவகாசம். ஏறத்தாழ பதினோரு லட்சம் பேர் அந்த வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். அப்பா முதலில் நம்பவில்லை. பெயரையும் முகவரியையும் நம்மையே வந்து கொடுக்கவைத்துப் பிடித்துக்கொண்டு போகும் தந்திரம் என்று தொழிலாளர் முகாமில் பேச்சு. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் கையில் வசிப்புரிமை அட்டையோடு வந்த பிறகுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது. அதற்குள் கெடு நெருங்கிவிட்டது.

அவரிடம் ஒரு சிக்கல் இருந்தது. 1985 கோடையில் அவர் வேலை பார்த்தது காலிஃபிளவர் வயலில், டெக்சாஸில் பிறந்த ஓர் உறவினர் பெயரில். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இன்னொருவர் பெயரில்தான் வேலை பார்த்தார்கள். முதலாளிக்கு ஓர் எண் கிடைத்தால் போதும். சம்பளச் சீட்டுகள் எல்லாம் அம்மாவின் தகரப் பெட்டியில் பத்திரமாக இருந்தன, அப்பாவின் பெயர் இல்லாமல். அந்தப் பெயரில் வேலை பார்த்தவர் இவர்தான் என்று அன்றைய மேஸ்திரி எழுதிக் கொடுத்து நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். மேஸ்திரி எங்கள் பக்கத்து ஊர்க்காரர். அப்பாவுக்கு மதிப்பு உண்டு அவரிடம். சாலினாஸிலேயே வீடு வாங்கிக் குடியேறிவிட்டவர். காசு கொடுத்தால் யாரோ ஒரு ஒப்பந்தக்காரர் பொய்க் கடிதம் தருவார் என்றும் அப்போது ஊரெல்லாம் தெரியும். கீரையை சாலட்டில் தவிர வேறெங்கும் பார்க்காதவர்கள்கூட வாங்கினார்கள். அப்பா, செய்த வேலைக்கு எதற்கு விலை கொடுக்க வேண்டும் என்றார்.

நவம்பர் நடுவில் யூமாவிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார். உதவி மையத்தில் தட்டச்சு செய்த தாளைத் தபாலில் அனுப்பியிருந்தார். "மேஸ்திரி வீட்டுக்குப் போ. நான் வர முடியாததுக்கு மன்னிப்புக் கேளு. வணக்கம் சொல்லு. தாளைக் காட்டு, அவர் போடுவார்."

எனக்குப் பதினான்கு வயது. மேஸ்திரியின் மகள் என் வகுப்பு. அவளிடமும் அப்பா லாரி ஓட்டுகிறார் என்றுதான் சொல்லியிருந்தேன். அந்தத் தாளில் அப்பா பெயர், வேறொருவர் பெயர், காலிஃபிளவர், அறுவடைக் கூலியாள் என்றெல்லாம் தெளிவாகத் தட்டச்சாகியிருந்தது.

போனேன். தெருமுனை வரைக்கும் போனேன். அவளும் அவள் அக்காவும் வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். திரும்பி நடந்தேன். காசு போட்டுத் துணி துவைக்கும் கடை ஒன்று வழியில் இருந்தது. அங்கே உட்கார்ந்து, யாரோ விட்டுப்போன பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்கு வந்து, மேஸ்திரி வீட்டில் இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அடுத்த தடவை தெருமுனை வரைக்கும்கூடப் போகவில்லை. அம்மா மூன்று வயதுத் தங்கையைத் தூக்கிக்கொண்டு தானே கிளம்புகிறேன் என்றபோதுதான் பயம் வந்தது. அவள் போனால் நான் போகாதது தெரிந்துவிடும். அதனால் பெரிய பொய்யைச் சொன்னேன். பார்த்துவிட்டேன், கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார், இந்த வம்பெல்லாம் தனக்கு வேண்டாமாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கூப்பிட்டபோது அதையே அவரிடமும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சரிடா. அவருக்கும் குடும்பம் இருக்கு" என்றார். என்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை. நீ சரியாகக் கேட்டாயா, மறுபடி போகிறாயா என்றுகூடக் கேட்கவில்லை. என் சொல் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. கடைசி நாட்களில் வேறு சான்று தேட அவருக்கு வழியில்லை. நவம்பர் 30 போயிற்று.

பதினான்கு வயதுப் பையன், போகட்டும் என்று இந்த இடத்தில் யாராவது சொல்லக்கூடும். நானும் அதை எனக்குச் சொல்லிக்கொண்டுதான் வளர்ந்தேன். அடுத்து வருவதற்கு அந்தச் சலுகை கிடையாது.

1994 நவம்பரில் கலிபோர்னிய வாக்காளர்கள் 187ஆம் முன்மொழிவை நிறைவேற்றினார்கள். காகிதம் இல்லாத பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி கிடையாது, காகிதம் இல்லாத யாருக்கும் அவசரச் சிகிச்சை தவிர அரசுச் செலவில் மருத்துவம் கிடையாது என்றது அது. பிறகு நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. நான் அப்போது பல்கலைக்கழக மாணவன். பதாகை எழுதினேன், ஊர்வலம் போனேன், தொண்டை கட்டும் வரை கத்தினேன். என் அப்பா கூலித் தொழிலாளி என்று முதன்முதலில் பலர் முன்னால் சொன்னது அந்தக் கூட்டங்களில்தான். பள்ளியில் அவமானமாக இருந்தது பல்கலைக்கழகத்தில் எனக்குப் பதக்கமாகிவிட்டது. பெண்கள் கவனித்தார்கள். இதையும் எழுதத்தான் வேண்டும்.

1995இல் எனக்கு இருபத்தொரு வயது நிறைந்தது. இருபத்தொரு வயதான குடிமகன் தன் தாய்தந்தைக்கு வசிப்புரிமை கேட்டு மனுப்போடலாம். திருட்டுத்தனமாக எல்லை தாண்டியவர்கள்கூட, நாட்டை விட்டு வெளியேறாமலேயே அபராதம் கட்டிக் காகிதம் பெறலாம் என்ற ஏற்பாடு முந்தைய ஆண்டுதான் வந்திருந்தது. அப்பாவுக்காக அளவெடுத்துச் செய்த விதி. அவரே கேட்டார். ஒரே தடவை. "உனக்கு இருபத்தொண்ணு ஆச்சாமே, ஏதோ தாள் போடலாம்னு சொல்றாங்க" என்று, கடன் கேட்பவர் குரலில். தேர்வு முடியட்டும் அப்பா என்றேன்.

படிவத்தை வாங்கி வந்தேன். என் பெயரையும் அப்பா பெயரையும் நிரப்பினேன். பிறகு அது மேசை இழுப்பறைக்குப் போயிற்று. ஏன் என்று இத்தனை ஆண்டுகளாக யோசிக்கிறேன். நல்ல காரணம் ஒன்று இருந்தால் கண்டுபிடித்திருப்பேன். தேர்வு இருந்தது, பிறகு காதலி இருந்தாள், பிறகு வேலை தேடல். அவர் எப்போதும்போல யூமாவுக்கும் சாலினாஸுக்கும் போய் வந்துகொண்டிருந்தார். அவசரம் என்று எதுவும் கண்ணில் படவில்லை. அந்த வீட்டின் தாள்களிலிருந்து தப்பித்து வந்துவிட்டேன் என்ற நினைப்பும் இருந்திருக்கலாம். காகிதமற்றோர் உரிமை என்று பேச மணிக்கணக்கில் நேரம் இருந்தவனுக்கு, காகிதமற்ற ஒருவருக்காக ஒரு மாலையை ஒதுக்க முடியவில்லை. ஊர்வலத்தில் பார்க்க ஆட்கள் இருந்தார்கள். படிவம் நிரப்புவதை யார் பார்ப்பார்கள்?

அந்த நேரத்தில்தான் எல்லை மாறிக்கொண்டிருந்தது. அதுவரை எங்கள் ஆட்கள் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய்விட்டு மறுபடி தாண்டி வருவார்கள். 1994 அக்டோபரில் சான் டியேகோ பக்கம் காவலை இறுக்கிய பிறகு, எல்லை தாண்டும் வழி பாலைவனத்துக்கும் மலைக்கும் தள்ளப்பட்டது. கடத்திவிடுபவர்கள் கேட்ட தொகை ஏறிற்று. தாகத்தில் செத்தவர்கள் செய்தி வர ஆரம்பித்தது. 1993 கிறிஸ்துமஸுக்குப் பிறகு அப்பா ஊருக்குப் போகவில்லை. 1996இல் இன்னொரு சட்டம் வந்தது. 1997 ஏப்ரல் 1இலிருந்து கணக்கிட்டு ஓராண்டுக்கு மேல் அனுமதியின்றித் தங்கியவர் வெளியே போனால் பத்து ஆண்டுகள் உள்ளே வர முடியாது. அபராதம் கட்டிக் காகிதம் பெறும் ஏற்பாட்டுக்கும் புதிய மனுக்களுக்கு 1998 சனவரி 14ஓடு முற்றுப்புள்ளி வைத்தார்கள். அந்தத் தேதியை நான் செய்தித்தாளில் படித்தேன், மறுநாள்.

பாட்டி 1998 அக்டோபரில் இறந்துபோனாள். அப்பாவின் அம்மா. போனால் பத்து ஆண்டு. தங்கைக்குப் பதின்மூன்று வயது. அப்பா போகவில்லை. அன்றும் வேலைக்குப் போனார். ஊரில் அடக்கத்துக்குப் பணம் அனுப்பினார். யாரோ காணொளி எடுத்து நாடாவை அனுப்பிவைத்தார்கள். நான் சாலினாஸ் போயிருந்தபோது அதை என்னோடு உட்கார்ந்து பார்த்தார். தூரத்து உறவினர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிச் சொல்லி எனக்குக் காட்டினார்.

2000 டிசம்பரில் அந்தப் பழைய ஏற்பாட்டைக் குறுகிய காலத்துக்கு மறுபடி திறந்தார்கள். கெடு 2001 ஏப்ரல் 30. அப்போது போட்டேன். ஏப்ரலில்தான் போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2003இல் அவருக்கு அட்டை வந்தது. வந்த உடனே ஊருக்குப் போனார். பாட்டியின் கல்லறைக்குச் சிமெண்ட் பூசிவிட்டு வந்தார். ஊரெல்லாம், சாலினாஸெல்லாம், மகன்தான் காகிதம் வாங்கிக் கொடுத்தான் என்று சொன்னார்.

மேடையில் இந்தப் பகுதி எப்படி வரும் தெரியுமா? "இந்த நாட்டின் சட்டம் என் அப்பாவை அவர் தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க விடவில்லை." சொல்லிவிட்டு நிறுத்துவேன். எங்கே நிறுத்த வேண்டும் என்பது எனக்குப் பழகிவிட்டது. அந்தச் சட்டத்தை நான் இன்றும் கொடுமையானது என்றுதான் சொல்வேன். அதில் ஒரு சொல்லையும் திரும்பப் பெற மாட்டேன். ஆனால் அந்தச் சட்டம் தன் வாசலை இரண்டு தடவை திறந்து வைத்திருந்தது, இரண்டு தடவையும் வாசலில் நின்றது நான்.

போன ஆண்டு ஒரு விழாவுக்கு அப்பா வந்திருந்தார். அதுவரை என் பேச்சை அவர் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, தொப்பி, பக்கத்தில் அம்மா. நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன், நிறுத்தினேன், கைதட்டல் வந்தது. முடிந்ததும் யாரோ அவரிடம் வந்து கை குலுக்கி, எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறீர்கள் என்றார்கள். அப்பா என் தோளைத் தொட்டு, "இவன் இல்லேன்னா எனக்கு இன்னும் காகிதம் இல்ல" என்றார்.

அம்மாவை வீட்டில் இறக்கிவிட்ட பிறகு, காரை நிறுத்தி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். துணி துவைக்கும் கடை, இழுப்பறை, செய்தித்தாள். அவர் குறுக்கே பேசவில்லை. சொல்லி முடித்ததும் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அழுவார், மன்னித்தேன் என்பார் என்றுகூட ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன், வெட்கமில்லாமல். அவர் கேட்டது, "அந்த மனுஷன் உயிரோட இருக்காரா?"

மேஸ்திரியை நான் மறந்தே போயிருந்தேன். என் குற்றப் பட்டியலில் அவருக்கு இடமே இல்லை. அப்பா மறக்கவில்லை. 1988க்குப் பிறகு தேவாலயத்தில், கடையில், எங்கே அவரைப் பார்த்தாலும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போயிருக்கிறார்.

உயிரோடு இருந்தார். அதே தெரு, அதே வீடு. கார் நிறுத்தும் கொட்டகையில் நாற்காலி போட்டுக் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா தொப்பியைக் கழற்றினார். "இத்தனை வருஷமா உங்களுக்கு வணக்கம் சொல்லாம இருந்துட்டேன். உங்க மேல தப்பு இல்லேன்னு இப்பத்தான் தெரிஞ்சுது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சொல்லு" என்றார். ஐம்பது வயதில், அரை வழுக்கையோடு, இரண்டு கிழவர்கள் முன்னால் நின்று சொன்னேன்.

மேஸ்திரி தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். "நீங்க யூனியன்ல சேர்ந்துட்டீங்க, அதான் என்கூடப் பேசறதில்லேன்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றார் அப்பாவிடம். இருவரும் சிரித்தார்கள். அப்புறம் அவர் சிரிப்பு நின்றது. "அந்த மாசம் எத்தனை பேருக்குக் கையெழுத்துப் போட்டேன்! என் வயல்ல கால் வைக்காதவனுக்கெல்லாம் போட்டேன். உங்களுக்கா மாட்டேன்னு சொல்வேன்?" என்னை அவர் பார்க்கவில்லை. காபி வந்தது. அவர்கள் ஊர்க் கதை பேசினார்கள். மகளைப் பற்றி நான் விசாரிக்கவில்லை.

அப்பா என்னோடு பேசாமல் இருப்பதில்லை. ஞாயிறு மதியம் சாப்பிடப் போகிறேன். என் பிள்ளைகளோடு விளையாடுகிறார். மழை, லெட்டூஸ் விலை எல்லாம் பேசுகிறார். அம்மாவின் பேச்சை மட்டும் மேடையில் எடுக்காதே என்றார், அவருடைய அம்மாவின் பேச்சை. எடுப்பதில்லை. போன மாதம் நான் போனபோது சாப்பாட்டு மேசையில் மருத்துவக் காப்பீட்டுக் கடிதம் ஒன்று பிரித்தபடி கிடந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. பேனாவை எடுத்தேன். அவர் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"உன் தங்கச்சி அடுத்த ஞாயித்துக்கிழமை வருவா. அவ பாத்துக்குவா."

அவள் இருப்பது ஃபிரெஸ்னோவில். அதற்குள் கெடு போய்விடும் அப்பா என்றேன்.

"போகட்டும்" என்றார்.